மாமா சலாம் சொல்றார்

ஜிஃப்தா, 3 அக்டோபர் 1987

அன்புள்ள இஹ்சான் அத்தைக்கு,

மெர்வத் எழுதறேன். சலாம். இங்க அப்பா, அம்மா, நான், முட்டை போடாம ஏமாத்தற ரெண்டு வாத்து எல்லாரும் சுகம். உங்க முகத்தப் பாக்க முடியலங்கறதத் தவிர ஆண்டவன் புண்ணியத்துல எங்களுக்கு வேற குறை இல்ல. நீங்களும் ஷௌகத் மாமாவும் எப்படி இருக்கீங்க?

அத்தை, உக்காந்துக்கிட்டுப் படிங்க. அலெக்ஸாண்ட்ரியாவுல ட்ராம் ஓட்டப் பொண்ணுங்களை எடுக்கறாங்க. டிக்கெட் கிழிக்க இல்ல, ஓட்ட. எலெக்ட்ரிகல் டிப்ளமா முடிச்ச பொண்ணுங்க வேணும்னு போட்டிருந்தாங்க. நான் வீட்டுல மூச்சுவிடாம எழுதிப் போட்டேன். தன்தாவுக்குக் கூப்பிட்டாங்க, கண்ணைப் பாத்தாங்க, காதைப் பாத்தாங்க, ஒரு மோட்டாரைப் பிரிச்சு மறுபடி மாட்டச் சொன்னாங்க. நேத்து பதில் வந்திருச்சு. நாலே பேரு, அதுல நானும் ஒருத்தி. டிசம்பர் மொதல் தேதி பயிற்சி. எனக்குக் கால் தரையில பாவல அத்தை.

நேத்து சாயங்காலமே அப்பா ஆத்து மதகு வேலைலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டறப்பவே சொல்லிட்டார்: "ஷௌகத் இருக்கற வீட்டுல தங்கறதுன்னா போ. ஆம்பளை இல்லாத வீடு, ஹாஸ்டல், அதெல்லாம் பேசாதே."

அக்கா சுஆத் கல்யாணத்துல நீங்க என் கன்னத்தைக் கிள்ளி, "எங்க வீடு உன் வீடுடி, வந்து ஒரு வருஷம்கூடத் தங்கு"ன்னு சொன்னீங்கல்ல? அதை அப்பாகிட்டச் சொன்னேன். அவர் சிரிக்கறார். "அது படகுக்காரன் விருந்து"ங்கறார். அவருக்கு மதகுல நாள் பூரா படகு பாத்துப் பாத்து எல்லாமே படகுதான். நடு ஆத்துல சட்டியத் திறந்து வச்சுக்கிட்டுக் கரையில நிக்கறவனைப் பாத்து "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னு கூவுவானே, வர முடியாதுன்னு தெரிஞ்சு கூப்பிடற விருந்து, அந்த மாதிரியாம் உங்க அழைப்பு. நான் விடல. எங்க அத்தை அப்படிப்பட்டவங்க இல்லன்னு சண்டை போட்டேன்.

உடனே பதில் போடுங்க. உங்க கைக்கு முத்தம்.

மெர்வத்

&nbsp;

அலெக்ஸாண்ட்ரியா, 24 அக்டோபர் 1987

கண்ணு மெர்வத்துக்கு,

அத்தையோட சலாம். நாங்க சுகம். உன்னையும் அண்ணனையும் அண்ணியையும் நினைக்காத நாள் இல்ல. மாமா சலாம் சொல்லச் சொன்னார்.

உன் கடுதாசியப் படிச்சிட்டு மாடிப்படியிலயே உக்காந்துட்டேன். நம்ம குடும்பத்துப் பொண்ணு ட்ராம் ஓட்டறதா? எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. நீ சமத்து, கெட்டிக்காரி, எனக்கு எப்பவோ தெரியும்.

வீட்டைப் பத்திக் கேட்டிருந்தே. இது உன் வீடு, அதுல பேச்சே இல்ல. என்னன்னா, இப்ப பெயின்ட் அடிச்சுக்கிட்டிருக்கோம். சாமானெல்லாம் ஹால்ல குவிஞ்சு கிடக்கு. நெடி தாங்கல. உனக்குச் சின்ன வயசுல மூச்சிரைப்பு வேற இருந்துச்சு, உடம்புக்கு ஆகாது. பயிற்சியை மார்ச் மாசத்துக்குத் தள்ளி வைக்க முடியுமான்னு கேட்டுப் பாரேன்.

அண்ணியோட முட்டியில எண்ணெய் தேய்க்கச் சொல்லு. எல்லாருக்கும் முத்தம்.

இஹ்சான் அத்தை

&nbsp;

ஜிஃப்தா, 29 அக்டோபர் 1987

அத்தை, சலாம், சலாம், சலாம்.

எல்லாரும் சுகம். மூச்சிரைப்பு எனக்கில்ல, சுஆதுக்கு. எனக்குப் பெயின்ட் அடிக்க ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல மொத்தப் பட்டறைக்கும் நான்தான் அடிச்சேன். நல்ல பிரஷ் ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வரேன். மாமாவுக்குப் பாதி வேலை மிச்சம்.

பயிற்சியத் தள்ள முடியாது. நான் மொதல் தேதி போய் நிக்கலேன்னா தமன்ஹூர்ல ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா, அவளுக்குக் கொடுத்துடுவாங்க. அவளை நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரல. நல்ல பொண்ணாத்தான் இருப்பா, ஆனாலும் பிடிக்கல.

மாமாவை ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்க, அப்பாவுக்கு. "நான் பொறுப்பு"ன்னு.

உங்க மெர்வத்

&nbsp;

அலெக்ஸாண்ட்ரியா, 19 நவம்பர் 1987

மெர்வத் கண்ணுக்கு,

சலாம். பதில் தாமதமாயிடுச்சு, கோச்சுக்காதே. இங்க 'தொடப்பம்'ங்கற புயல் வந்துட்டுப் போச்சு. பேரு வச்சவன் சரியாத்தான் வச்சிருக்கான், மழையும் காத்தும் சேந்து தெருவையே கூட்டித் தள்ளிடுச்சு. மாமா சலாம் சொல்றார். துறைமுகத்துல ராத்திரி வேலை, பேனாவைத் தொட நேரமில்ல. உன்னைப் பத்திச் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்தான்.

பெயின்ட் முடிஞ்சுது. ஆனா போர்ட் சயீத்லேர்ந்து மாமாவோட ஆளுங்க வந்து தங்கியிருக்காங்க. ஒரு பாய் விரிக்க இடமில்லடி. அவங்க கிளம்பட்டும், பாத்துக்கலாம்.

ஆனா ஒண்ணு, நீ ஒரு தடவை எங்க வீட்டுக்குக் கட்டாயம் வந்தே ஆகணும். வரலேன்னா என் மூஞ்சியில முழிக்காதே.

அன்பு முத்தங்களோட,
இஹ்சான் அத்தை

&nbsp;

அலெக்ஸாண்ட்ரியா, 30 நவம்பர் 1987

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்க மகளோட சலாம். பத்திரமா வந்து சேந்துட்டேன். நெய் டப்பா கொட்டல. வாத்து ரயில்ல ஒரு போலீஸ்காரர் மடியில உக்காந்துடுச்சு, மத்தபடி தொந்தரவு இல்ல.

அத்தை கதவைத் திறந்தாங்க, அப்புறம் வாயத் திறந்தாங்க, அதை மூட ரொம்ப நேரமாச்சு. "நீங்கதானே வரலேன்னா மூஞ்சியில முழிக்காதேன்னு எழுதினீங்க, அதைக் காட்டித்தான் அப்பாகிட்ட அனுமதி வாங்கினேன்"ன்னேன். என்னைப் பாத்தாங்க, வாத்தைப் பாத்தாங்க, சிரிச்சாங்க, அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. எனக்கு ஒரு முழு அறை. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா கடல் ஒரு துண்டு தெரியும். மாமா வேலையா சூயஸ் போயிருக்காராம், வந்துடுவார். விருந்தாளிங்க போயிட்டாங்க.

நாளைக்குக் காலையில பயிற்சி. போட்டுக்கற துணிய இப்பவே ரெண்டு தடவை இஸ்திரி போட்டு வச்சுட்டேன் அப்பா.

மெர்வத்

&nbsp;

வீட்டு சமையலறையில, 18 டிசம்பர்

அத்தை,

நீங்க ராத்திரி வர்றப்ப நான் தூங்கிடறேன். நான் விடியக்காலையில கிளம்பறப்ப நீங்க தூங்கறீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நமக்குக் கடுதாசிதான் விதிச்சிருக்கு. நீங்க சுகமா? நான் சுகம். கத்தரிக்காய் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

கோவிச்சுக்காம படிங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமாவோட கோடு போட்ட பைஜாமாவைத் துவைச்சு பால்கனியில முன்வரிசைக் கொடியில, எதிர்வீட்டு நஃபீஸா அம்மா கண்ணுல படற மாதிரி போடறீங்க. இன்னிக்கு நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க ஊறவச்ச தண்ணி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் கீழ போச்சு. அழுக்கே இல்லாத துணி அத்தை அது. உடுத்தறதுக்கு ஆளில்ல. சூயஸ் இவ்வளவு தூரமா?

நானும் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க கூப்பிட்டது படகுக்காரன் விருந்துன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்கென்ன, ஜிஃப்தாவுல பொறந்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் தண்ணியில குதிச்சேன். எனக்கு ட்ராம் வேணும். போன்னு சொன்னாலும் போக மாட்டேன். ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.

மெர்வத்

&nbsp;

அதே சமையலறை, 19 டிசம்பர்

வெக்கங்கெட்ட கழுதைக்கு,

அத்தையோட சலாம். கத்தரிக்காய்ல உப்பு தூக்கல்.

மாமா போயி ரெண்டு வருஷமாகுது. போர்ட் சயீத்ல ஒருத்தியக் கட்டிக்கிட்டார். விவாகரத்துக் காகிதத்தை ஒரு வேலையாள்கிட்டக் கொடுத்தனுப்பினார், அதே வேலையாள் ஃப்ரிட்ஜையும் தூக்கிட்டுப் போனான். உங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகும்? மறுநாளே லாரியோட வந்து நிப்பார். "தனியா எப்படிடி இருப்பே, கிளம்பு"ன்னு என்னையும் கட்டிலையும் ஏத்திட்டுப் போயிடுவார். நல்லவர்தான். அதனாலதான் பயம்.

எனக்கு இங்க வேலை இருக்குடி. சினிமாக் கொட்டகையில டிக்கெட் கவுன்ட்டர். அந்தச் சின்ன ஜன்னல் வழியா ஊரையே பாக்கறேன். பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றவன், பொண்டாட்டிக்குத் தெரியாம வர்றவன், எல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசி ஆட்டத்துல உள்ள போய் ஓரமா உக்காந்து பாப்பேன். எனக்கு இது பிடிச்சிருக்கு. வாய்விட்டுச் சொல்றேன், ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்ப நீயே சொல்லு. மாமா இல்லேன்னு உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உனக்கு ட்ராமும் இல்ல, எனக்கு ஜன்னலும் இல்ல.

போர்வையை இழுத்துப் போத்திக்கோ, காத்து மோசம்.

அத்தை

&nbsp;

அலெக்ஸாண்ட்ரியா, 22 ஜனவரி 1988

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சலாம்.

நான், அத்தை, மாமா மூணு பேரும் நல்ல சுகம். உங்க ரெண்டு பேர் முகமும் பக்கத்துல இல்லங்கறதுதான் ஒரே வருத்தம்.

அப்பா, இன்னிக்கு என் கையில கொடுத்துட்டாங்க. எனக்குச் சொல்லித் தர்ற மூத்த ஓட்டுநர் உஸ்தா ரிஸ்க் பக்கத்துல நின்னுக்கிட்டார், அவ்வளவுதான். கைப்பிடியத் திருப்பினதும் அவ்வளவு பெரிய வண்டி மூச்சு விட்டுக்கிட்டு நகருது பாருங்க, எனக்குக் கத்தணும்போல இருந்துச்சு. கத்தல. மணி கால்ல இருக்கு, மிதிச்சா அடிக்கும், அதை மிதிச்சேன், தேவைக்கு மேலயே மிதிச்சேன். "இது கல்யாண ஊர்வலமா, ட்ராமா?"ன்னார் உஸ்தா. பிரேக்தான் கஷ்டம். மழை நாள்ல தண்டவாளம் வழுக்கும், நிறுத்தம் வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே மனசுல நிறுத்திடணும்.

மாமா ரொம்ப சந்தோஷப்பட்டார். மீன் வாங்கிட்டு வந்து அவரே சுத்தம் பண்ணிக் கொடுத்தார். அப்பாவோட முதுகு வலி எப்படி இருக்குன்னு கேட்டார். அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் மாதிரி உலகத்துலயே கிடையாதுன்னார். எனக்கு இருமல் வந்தப்போ அவரே சோம்பு கஷாயம் வச்சார். "நீ எனக்கு மக மாதிரி"ன்னு அடிக்கடி சொல்றார். காலையில ட்ராம் டிப்போ வரைக்கும் துணைக்கு வர்றார்.

மாமா சலாம் சொல்றார்.

மெர்வத்

&nbsp;

ஜிஃப்தா, 20 பிப்ரவரி 1988

அன்பு மகள் மெர்வத்துக்கு,

அப்துல் மௌஜூத் எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் நலம். மூன்று கடிதங்களும் கிடைத்தன. கவனமாக வேலை கற்றுக்கொள்வது குறித்து மகிழ்ச்சி. மணியைக் குறைத்து அடி.

ஷௌகத் பற்றி நீ எழுதுவதை உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். அவருக்காக ஒரு ஜாடி தேன் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. எனக்குச் சிறுநீரகக் கல் எடுத்தபோது ஷௌகத் மருத்துவமனை வாசல்வரை வந்து, காரில் இருந்தபடியே கை காட்டிவிட்டுப் போனவர். உன் அம்மாவின் ஊறுகாயைப் பார்த்து முகம் சுளித்தவர். அவர் மீன் சுத்தம் செய்கிறார், கஷாயம் வைக்கிறார், என் முதுகைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் விசாரிக்கிறார் என்றால் ஒன்று, அவருக்கு ஏதோ பெரிய வியாதி வந்து மனம் திருந்தியிருக்க வேண்டும். அல்லது அது வேறு ஷௌகத்தாக இருக்க வேண்டும்.

எதுவானாலும் நேரில் பார்ப்பது முறை. வசந்தப் பண்டிகைக்குக் கருவாட்டோடு வருகிறேன். ஷௌகத்தை வீட்டில் இருக்கச் சொல்.

உன் தந்தை

&nbsp;

அலெக்ஸாண்ட்ரியா, 25 மார்ச் 1988

அண்ணனுக்கு,

தங்கை இஹ்சானோட சலாம். நீங்களும் அண்ணியும் சுகமா இருக்கணும்.

உங்க கடுதாசியப் படிச்சிட்டு மெர்வத் ஒரு மாசமா மாமாவைச் சாகடிக்கலாமா, குவைத்துக்கு அனுப்பலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கா. நான் வேண்டாம்னுட்டேன். ரெண்டு வருஷமா நான் சொன்ன பொய்யில ஒரு சலாம்தான் இருந்துச்சு. இவ அதுக்கு மீன் வாங்கிக் கொடுத்து, கஷாயம் வச்சுக் கொடுத்து வளத்துட்டா. பொய் சொல்ல என் வீட்டுல பழகிக்கிட்டான்னு நாளைக்கு எனக்குத்தான் பழி. அதனால நானே எழுதறேன்.

அவர் இங்க இல்ல அண்ணா. என்னை விவாகரத்து பண்ணிட்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே போயிட்டார். நான் சினிமாக் கொட்டகையில டிக்கெட் கொடுக்கற வேலை பாக்கறேன். கௌரவமான வேலை, யார்கிட்டயும் கை நீட்டல.

உங்ககிட்டச் சொல்லாத இன்னொண்ணும் இருக்கு. அவர் துறைமுகத்துக்குப் போறப்பல்லாம் கதவை வெளியில பூட்டிட்டு சாவியக் கொண்டுபோயிடுவார். பதினெட்டு வருஷம். நீங்க வர்றப்ப மட்டும் திறந்திருக்கும். எனக்கு வெக்கமா இருந்துச்சு, சொல்லல. இப்ப சாவி என் பையில இருக்கு. அதைத் தொட்டுப் பாக்கறப்பல்லாம் இன்னும் சிரிப்பு வருது.

மெர்வத் பரீட்சையில பாஸாயிட்டா. போன வாரத்துலேர்ந்து தனியா ஓட்டறா. என்னை மொத வண்டியில ஏத்திக்கிட்டுப் போனா, பெருமையில எனக்கு நிறுத்தமே தெரியாம கடைசி வரைக்கும் போயிட்டேன். என்னைத் திட்டுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. அவளை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. நீங்க போட்ட நிபந்தனை எனக்கு ஞாபகம் இருக்கு. ஆம்பளை இல்லாத வீடுதான் இது. இருந்தாலும் கேக்கறேன்.

உங்க வருகைய எதிர்பாத்து, பயத்தோட,
இஹ்சான்

&nbsp;

ஜிஃப்தா, 21 ஏப்ரல் 1988

அன்புத் தங்கை இஹ்சானுக்கு,

சலாம். நோன்பு காலம் இறைவன் அருளால் நன்றாகவே போகிறது. உன் அண்ணி விசாரித்தாள்.

பண்டிகையன்று உன் வீட்டில் நான் எதுவும் பேசாமல் கருவாட்டைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டேன் என்று மெர்வத் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாள். எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும், உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

வந்ததும் நேராக உன் வீட்டுக்கு வரவில்லை. முதலில் மெர்வத்தின் ட்ராமில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "பொம்பளை கையில உசுரைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கோம் ஹாஜி" என்றார். வழியில் ஒரு கீரை வண்டிக்காரர் கழுதையோடு தண்டவாளத்தில் நின்றுவிட்டார். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. அப்புறம் அவரை அவள் திட்டினாள் பார், அது சின்ன வயதில் நீ என்னைத் திட்டிய அதே குரல். அதன் பிறகு நான் தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர்தான் எழுப்பினார். ஓடுகிற வண்டியில் நான் இதுவரை தூங்கியதில்லை.

உன் மாடிப்படியில் நஃபீஸா அம்மா நின்றிருந்தார். யாரென்று கேட்டார். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "நான் இஹ்சானோட அண்ணன். அவளுக்கு விவாகரத்து ஆயிடுச்சு. யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்களுக்கெல்லாம் எப்பவோ தெரியுமே. உங்களுக்குத்தான் இப்பத் தெரியுதா?" என்றார். அந்தக் கேள்வியோடு நான் உன் கதவைத் தட்டினேன். அதனால்தான் சாப்பிடும்போது பேச்சு வரவில்லை.

திரும்பி வந்ததும் உன் அண்ணி பிடித்துக்கொண்டாள். "ஆம்பளை இல்லாத வீட்டுலயா பொண்ணை விட்டுட்டு வந்தீங்க?" என்றாள். அவளிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். ஷௌகத் இருந்த வீட்டில் என் தங்கையைப் பதினெட்டு வருஷம் விட்டுவைத்துவிட்டு, அங்கே ஆம்பளை இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியவன் நான். அவன் இல்லாத வீட்டில் என் மகளை விட்டுவைக்க எனக்கு என்ன பயம்?

உன் அண்ணன்,
அப்துல் மௌஜூத்